மலைமேற் கிடக்கும் கடற்றரை

லடாக்கிலே, லே நகரத்திலிருந்து சிந்து நதியை ஒட்டித் தென்கிழக்கே சென்றால் நிடார் என்னும் சிற்றூர் வரும். கடல் மட்டத்திற்கு 4,000 மீட்டருக்கு மேற்பட்ட அவ்விடத்துக் குன்றுகளில், தலையணைகளை அடுக்கி வைத்தாற்போன்ற கரும்பச்சைப் பாறைகளைக் காணலாம். எரிமலைக் குழம்பு நீருக்குள் பீறிட்டு, சட்டென்று குளிர்ந்து உறைந்தால்தான் இவ்வடிவம் அமையும். அவற்றோடு செர்ட் என்னும் கடினமான சிவப்புக் கற்களும் இருக்கின்றன. இவை ரேடியோலேரியா என்னும் நுண்ணிய கடலுயிர்களின் கூடுகள் படிந்து இறுகியவை. ஆகவே, இக்குன்றுகள் ஒருகாலத்தில் கடலின் தரையாயிருந்தன என்பது தெளிவு. இத்தகைய பாறைத் தொகுதியை நிலநூலார் ஓபியோலைட் என்பர்.

இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பரந்திருந்த அக்கடலுக்கு, 1893-ஆம் ஆண்டில் எடுவார்ட் ஸூஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் டெதிஸ் எனப் பெயரிட்டார். இந்தியா வடக்கு நோக்கி நகர நகர, கடற்றரை ஆசியாவின் அடியிற் புதையுண்டது. புதையாமல் மேலே தள்ளப்பட்ட சிறு துண்டுகளே இன்று நமக்குச் சாட்சி.

அக்கடல் மறைந்த காலத்தை எவ்வாறு அறிவது? செர்ட் கற்களிலுள்ள உயிரினங்களின் வகையைக்கொண்டு, 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும் அங்கே ஆழ்கடல் இருந்ததென்று அறிகிறோம். கடற்றரை புதையுண்டபோது அதன் மேலே உருகியெழுந்த குழம்பு உறைந்ததே லே நகரை அடுத்த கருங்கல் மலைத்தொடர். அக்குழம்பின் எழுச்சி சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஸன்ஸ்கார் மலைகளில், நாணயம் போன்ற நம்முலைட் கூடுகள் நிறைந்த கடைசிக் கடற்படிவுகளும் ஏறத்தாழ அக்காலத்தவையே. தனித்தனியான இச்சாட்சிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கடல் மூடிய காலத்தை நாம் நம்பிக் கூறலாம்.

இன்றைய பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பகுதி மிக அரிது. பழையவை பெரும்பாலும் புதையுண்டு போயின. ஆதலின், பண்டைக் கடல்களின் வரலாற்றை மலைகளிலேதான் தேடவேண்டும்.

கடல் மறைந்தும் நகர்ச்சி நிற்கவில்லை. இமயத்தின் கீழ் இந்திய நிலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நெருக்குண்கிறது. அந்நெருக்கம் பாறைகளிற் பல்லாண்டு சேர்ந்து, திடீரென விடுபடும்போது நிலம் நடுங்குகிறது. டேராடூனிலும் டில்லியிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடு கட்டும்போது நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிகளைப் பேணவேண்டியதன் காரணம், அக்கடலை மூடிய இயக்கம் இன்னும் ஓயாமையே.