காட்டின் விலையும் கரையோர ஜனங்களும்

தலத்தெருவிலிருந்து காட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். காரைக்கால் பிரதேசத்தில் வயலும் கடலுமன்றி வனமேது என்பர். அரசலாற்று முகத்துவாரத்தில் உவர்நீரில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்களை அவர்கள் வனமென்று மதிப்பதில்லை. விறகுக்கும் உதவாத புதரென்பதே அவர்கள் கணக்கு. இக்கணக்கு பிழையென்பது நமது அபிப்பிராயம்.

பெரு தேசத்து அமேஸான் வனத்தில் ஒரு ஹெக்டேரை ஆராய்ந்த நிபுணர் மூவர் 1989-ம் வருஷத்தில் தங்கள் முடிவை வெளியிட்டனர். மரங்களை ஒருங்கே வெட்டி விற்றால் கிடைப்பது சுமார் 1,000 டாலர். கனியும் மரப்பாலும் வருஷந்தோறும் எடுத்துவந்தால் வரும் நிகர லாபத்தின் இன்றைய மதிப்போ 6,000 டாலருக்கு மேல். சந்தை சமீபத்திலிருந்தாலன்றி இம்மதிப்பு கைக்கு எட்டாதென்பது மெய்யே. ஆயினும் கோடரிக்காரன் கணக்கு முழுக் கணக்கன்று என்பது இதனால் விளங்கும்.

நமக்கருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரம் இருக்கிறது. அங்கே முற்காலத்தில் வனஇலாகாவே பகுதி பகுதியாக மரங்களை வெட்டிற்று. வெயில்பட்ட நிலம் தாழ்ந்தது. ஓதநீர் வடியாமல் தேங்கி உப்பேறியது. மரம் மீண்டும் முளைக்கவில்லை. பின்னர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனஇலாகாவும் கிராமத்தாரும் சேர்ந்து கால்வாய் வெட்டி நட்ட பிறகே பசுமை திரும்பியது. இருளர்களும் மீனவர்களும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பது அந்நீரிலேதான். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபொழுது, அக்காட்டுக்கு முன்னே கடலோரத்திலிருந்த இரண்டு கிராமங்கள் அழிந்தன. பின்னே இருந்த மூன்று கிராமங்கள் தப்பின. அந்நாளில் நேர்ந்ததைக் காரைக்கால் கரையோர ஜனங்களுக்கு நாம் நினைப்பூட்ட வேண்டுவதில்லை.

காட்டுக்குச் சர்க்காரும் விலை வைத்திருக்கின்றனர். பிற காரியங்களுக்கு எடுக்கப்படும் வனத்துக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய்வரை செலுத்த வேண்டுமென்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் விதித்தது. பின்னர் அவ்விகிதம் திருத்தப்பட்டது. ஆனால் 2016-ம் வருஷத்துச் சட்டப்படி அப்பணம் மத்திய, மாகாண நிதிகளுக்கே சேருகிறது. காடு வேறிடத்தில் நடப்படலாம். நண்டு பிடித்த இடத்தை இழந்தவன் அங்கே போய்ப் பிழைக்க முடியுமா?

ஆகவே, காட்டை மதிப்பிடும் அதிகாரிகள் முதலில் அதனால் ஜீவிப்பவர்களைக் கேட்கட்டும். அவர்கள் பங்கு கணக்கில் ஏறாதவரை, எத்தனை லட்சம் விதித்தாலும் அது நியாயமான விலையாகாது.