பிக்கட்டிச் சிப்பாயும் வெலிங்டன் வைத்தியசாலையும்

நீலகிரி ஜில்லாவில் குந்தா தாலுகாவைச் சேர்ந்தது பிக்கட்டி. மஞ்சூருக்கு அருகில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த மலையூர். அவ்வூரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ, ராணுவத்தில் இருபது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மாதந்தோறும் மருந்து வாங்கியாக வேண்டும். அவரைப் போன்றவர்களுக்கென மத்திய சர்க்கார் ஏற்படுத்தியிருக்கும் பாலிகிளினிக் வெலிங்டனில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து மஞ்சூர் வந்து, பஸ் பிடித்துக் குன்னூரில் இறங்கி, அங்கிருந்து மறு பஸ்ஸில் வெலிங்டன் சேர்ந்து, வரிசையில் நின்று வைத்தியரைக் கண்டு, மருந்தும் பெற்று வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கேட்ட மருந்துகளில் ஒன்று கையிருப்பில் இல்லையென்றால் அதற்கு வேறு நடை. அவர் காலமாகி, அவருடைய மனைவி மட்டும் இருந்தால், அந்த அம்மாள் தனியே இத்தனை தூரமும் போய்வர வேண்டும்.

திட்டத்தின் கணக்கேடுகளில் இந்தப் பிரயாணம் எங்கும் பதிவாவதில்லை. அட்டை இருக்கிறது, வைத்தியசாலை இருக்கிறது, ஆகவே வசதி இருக்கிறது என்பதே காகிதத்தின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுவது நியாயம். முன்னாள் ராணுவத்தினர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் 2003ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் ஓய்வு பெற்ற சிப்பாய்க்கு ராணுவ ஆஸ்பத்திரியே கதி. அங்கும் பணியிலுள்ளவர்களுக்குப் போக மிஞ்சிய இடமே அவருக்குக் கிடைக்கும். புதுத் திட்டம் அந்த நிலையை மாற்றிற்று. 227 பாலிகிளினிக்குகளுடன் ஆரம்பித்து, 2010ல் மேலும் 199க்கு அனுமதி அளிக்கப்பட்டது. அங்குள்ள வைத்தியர் எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் ஆஸ்பத்திரியில் கைப்பணம் கொடாமல் சிகிச்சை பெறலாம். அறுவைச் சிகிச்சை, இருதய வைத்தியம், புற்றுநோய் வைத்தியம் எல்லாம் இதில் அடங்கும். மனைவிக்கும் உண்டு, அவரை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் உண்டு. இன்று அறுபது லட்சத்துக்கு மேற்பட்டோர் இதன் நிழலில் இருக்கின்றனர். சுதந்திர இந்தியா தன் போர்வீரர்களுக்குச் செய்த நற்காரியங்களில் இது ஒன்று என்று தயங்காமல் கூறுவோம்.

ஆயினும் இதை ஒரு தருமமாக எண்ணுவோர் சிலர் உத்தியோக வட்டாரங்களில் இருக்கிறார்கள். திட்டத்தின் பெயரிலேயே பங்களிப்பு என்ற சொல் இருக்கிறது. 1996ம் வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றோருக்கும், போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் ஓய்வு பெறும்போதே தம் பங்கைச் செலுத்திவிடுகிறார்கள். 2017 டிசம்பரில் நிர்ணயித்தபடி, ஹவில்தார் பதவி வரையில் 30,000 ரூபாய். நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையில் 67,000 ரூபாய். அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர், பொருளைக் கொடுக்கும்போது மட்டும் தர்மகர்த்தாவின் தோரணையில் பேசுவது அழகல்ல.

பணம் போதவில்லையா? 2024-25ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கியது 6,968 கோடி ரூபாய். 2025-26ல் அது 8,317 கோடியாயிற்று. தொகை சிறிதல்ல. ஆனால் தொகை பெருகியதால் மட்டும் எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. மருந்துப் பற்றாக்குறையும், ஆஸ்பத்திரி பில்கள் தேங்கிக் கிடப்பதும் 2015ம் வருஷத்துத் தணிக்கை அறிக்கையிலேயே சொல்லப்பட்ட குறைகள். பாக்கி ஏறிவிட்டதென்று தனியார் ஆஸ்பத்திரிகள் கைப்பணமில்லாச் சிகிச்சையை நிறுத்துவதாக அறிவிப்பது நாட்டில் அவ்வப்போது நடந்துவரும் காரியம். டில்லியில் ஒரு பில் மேஜைக்கு மேஜை நகரும்போது, அதன் வேதனை நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கிறது. பாலிகிளினிக்குகளின் வைத்தியர்களும் ஊழியர்களும் ஒப்பந்தத்தின் பேரில் அமர்த்தப்படுகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் வைத்தியரிடம், நோயாளியின் பத்து வருஷச் சரித்திரம் எப்படி நிலைத்திருக்கும்?

இவை நாடெங்கும் உள்ள குறைகள். மலைக்கென்று தனியாக ஒரு குறை இருக்கிறது. நாம் முக்கியமாகச் சொல்லவந்ததும் அதுவே. பாலிகிளினிக்குகளின் வகையும் அளவும் அப்பிரதேசத்தில் எத்தனை முன்னாள் ராணுவத்தினர் வசிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை அனுசரித்து நிர்ணயிக்கப்படுகின்றன. சமவெளிக்கு இது சரியான முறையே. மலையிலோ தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. பிரயாண நேரத்தையும் எண்ண வேண்டும். படத்தில் விரற்கடை தூரமாகத் தெரிவது, பாதையில் அரை நாளாக நீளும் பூமி இது. மழைக்காலத்தை நினைத்தால் இன்னும் மோசம். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டு 8ம் தேதி, இதே குந்தாப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. பெரிய சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் செல்ல வேண்டுமானால், மஞ்சூரிலிருந்து முள்ளி வழியாக இறங்கும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். மாரடைப்பு வந்தவரை அவ்வழியே இறக்குவது எப்படியென்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா தம் கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008 ஜூன் 27ம் தேதி வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். அவருக்குத் தகுந்த பராமரிப்பு பக்கத்திலேயே கிடைத்ததென்பது நமக்கெல்லாம் திருப்தி தரும் விஷயம். அவர் தலைமையில் 1971ம் வருஷத்து யுத்தத்தில் நின்ற சாதாரணச் சிப்பாய்க்கும், அத்தகைய பராமரிப்பில் ஒரு பங்கேனும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டாமா?

மலைக்கிராமங்களுக்கு வைத்தியர் போக முடியாது என்பார்களானால், போக முடியுமென்று காட்டியது ராணுவமே. 2021 டிசம்பர் 8ம் தேதி குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து, ஜெனரல் பிபின் ராவத்தும் மற்றவர்களும் மாண்டபோது, அவ்வூர் ஏழை ஜனங்கள் தங்கள் போர்வைகளைக் கொண்டுவந்து உதவினார்கள். அதற்கு நன்றியாக, ஒரு வருஷ காலம் மாதந்தோறும் வைத்தியரும் நர்ஸும் அக்கிராமத்துக்கு வருவார்களென்று ராணுவ உயரதிகாரி அறிவித்தார். பாராட்டத்தக்க செய்கை. நன்றிக்காக ஒரு கிராமத்துக்குச் செய்ய முடிந்ததை, ஒப்பந்தக் கடமையாகக் குந்தாவுக்குச் செய்வது எவ்விதத்தில் கடினம் என்று கேட்கிறோம்.

அமெரிக்காவில் 2018ல் இயற்றிய மிஷன் சட்டத்தை ஒட்டி, மறு வருஷம் ஒரு விதி வகுத்தார்கள். முன்னாள் சிப்பாய் தம் வீட்டிலிருந்து சாதாரண வைத்தியத்துக்குச் சராசரி 30 நிமிஷத்துக்கு மேலும், நிபுணரைக் காண 60 நிமிஷத்துக்கு மேலும் வண்டியில் செல்ல நேர்ந்தால், அருகிலுள்ள வெளி வைத்தியரிடம் சர்க்கார் செலவில் சிகிச்சை பெறலாம். அமெரிக்காவின் செல்வம் நமக்கில்லை என்பார்கள். செல்வத்தை நாம் கேட்கவில்லை. அளவுகோலை மட்டும் கேட்கிறோம். கடிகாரம் எல்லாத் தேசத்துக்கும் ஒன்றுதான்.

புதிதாகச் சட்டம் இயற்றவும் அவசியமில்லை. நடமாடும் பாலிகிளினிக் என்ற வகை இத்திட்டத்திலேயே இருக்கிறது. அவ்வண்டி வாரத்தில் ஒரு நாள் மஞ்சூருக்கு வந்தால், பிக்கட்டியும் அக்கம்பக்கத்து ஊர்களும் பயனடையும். நீடித்த நோய்களுக்கான மாத மருந்தைத் தபாலில் அனுப்பலாம். 2020ம் வருஷத்துத் தொற்றுநோய்க் காலத்தில், மருந்தைக் கடையில் வாங்கிக்கொண்டு பணத்தைத் திரும்பப் பெற அனுமதித்தார்கள். மலைவாசிகளுக்கு மட்டும் அந்த அனுமதியை நிரந்தரமாக்கினால் பொக்கிஷம் காலியாகிவிடாது. உதகையில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாகாண சர்க்காரும் ராணுவ இலாகாவும் கலந்து பேசினால், நிபுணர்களைக் காணக் கோயம்புத்தூர் வரை இறங்கும் தொல்லை அநேகருக்குக் குறையும்.

குந்தாவில் ஓய்வு பெற்ற சிப்பாய்களும் சிப்பாய்களின் விதவைகளும் எத்தனை பேர், ஒவ்வொருவரும் வெலிங்டன் போய்வர எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்ற கணக்கை, ஊர் ஊராக நமது ஊழியர்களே எடுத்துவிடலாம். ஒரு வாரத்து வேலை. அதை வெலிங்டன் அதிகாரிகளிடமும், ஜில்லா கலெக்டரிடமும், பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் நேரில் கொடுக்க வேண்டும். ஜூன் மாதத்தில் மழை பிடித்துக்கொண்டால் மஞ்சூர்ப் பாதையை நம்ப முடியாது; அதற்குள் முதல் வண்டி மலையேறி வந்துவிட வேண்டும்.