விதை விற்பவர்களுக்கும் ஒரு சபை வேண்டும்

2023ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஒரு நாள். அஸர் தொழுகைக்காகக் கடையின் ஒரு கதவைச் சாத்திக்கொண்டிருந்த வேளையில் எமது ஊர்ச் சகோதரி ஒருவர் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதனுள் பத்துப் பதினைந்து தக்காளிக் காய்கள். சில பெரியவை, சில சுண்டைக்காய் அளவில் இருந்தன.

"நாநா, நீங்க சொன்ன மாதிரித்தான் செஞ்சன். போன முறை காய்ச்ச பழத்துலயே விதை எடுத்து நட்டன். ஒரு கண்டுல ஒரு மாதிரிக் காய், மத்தக் கண்டுல வேற மாதிரி. பாதி வாடிச் செத்துப் போச்சு. பக்கத்து வீட்டாக்களுக்கும் குடுத்தன். இப்ப அவங்க எனக்கிட்டக் கேக்குறாங்க."

அவருடைய கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்ற குடும்பம். அந்தத் தக்காளி அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, கறிச்சட்டி. நான் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். ஏனெனில் அந்த ஆலோசனையைச் சொன்னவன் நான்தான்.

ஹாட்வெயார் கடையில் விதைப் பக்கற்

நான் பரம்பரை விதை வியாபாரி அல்லன். எனது தொழில் ஹாட்வெயார். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, அந்த ஆண்டு நவம்பரில் அது விலக்கப்பட்டதையும், அதனால் விளைச்சல் விழுந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு டொலர் இல்லை, சீமெந்து இல்லை, கம்பி இல்லை. கடை றாக்கைகள் காலியாகின. 2022 ஜூன் மாதத்தில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. ஊரெல்லாம் விதை கேட்டது. நானும் ஆணிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு விதைப் பக்கற், நாற்றுத் தட்டு, பூவாளி என்று அடுக்கினேன். அல்ஹம்துலில்லாஹ், அந்த மாதங்களில் கடையைக் காப்பாற்றியது அதுதான்.

ஆனால் விதை, ஆணியைப் போன்ற சாமான் அல்ல. ஆணி வாங்குபவர் விலை கேட்பார். விதை வாங்குபவர் வழி கேட்பார். எப்போது நடுவது, எவ்வளவு தண்ணீர், பூ ஏன் கொட்டுகிறது? நான் தெரிந்ததையும் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். பக்கற்றின் மேல் 'எஃப் 1' என்று அச்சிட்டிருந்தது. அதை 'முதல் தரம்' என்று விளங்கிக்கொண்டேன்! அந்தச் சகோதரியிடம், "முதல் தர விதை தங்கச்சி, அடுத்த போகத்துக்கு இதிலேயே விதை எடுக்கலாம்" என்று தைரியமாகச் சொல்லியும் விட்டேன்.

எஃப் 1 என்றால் தரம் அல்ல, தலைமுறை. வேறுபட்ட இரண்டு பெற்றோர் வரிசைகளை இணைத்துப் பெறும் முதலாம் தலைமுறைக் கலப்பின விதை அது. முதல் முறை ஒரே சீராகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்து மீண்டும் நட்டால் குணங்கள் பிரிந்துபோகும். சில கண்டுகளில் நோய் தாங்கும் சக்தியும் இல்லாமல் போகலாம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சில மாதங்களின் பின், நாற்றுமேடை வைத்திருக்கும் ஒரு நண்பர் தமது தொழிலாளர்களின் சிறு ஒன்றுகூடலுக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே தேநீர் இடைவேளையில் பக்கத்தில் நின்றவரிடம் என் தக்காளிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் இப்படித்தான் ஒருக்கா மாட்டினன்" என்று சொல்லி, இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட்டார்.

ஒரு கோப்பைத் தேநீரில் கிடைத்த அந்த அறிவு ஆறு மாதம் முன்பே கிடைத்திருந்தால், நான்கைந்து வீடுகளின் உழைப்பு மண்ணாகியிருக்காது.

1948இல் தொடங்கிய ஒரு சங்கம்

தோட்டத்தைப் பற்றிப் பிறருக்கு எடுத்துச் சொல்பவர்கள் மற்ற நாடுகளில் எங்கே கூடுகிறார்கள் என்று அதன் பிறகு தேடி வாசிக்கலானேன். அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டிலேயே தோட்ட எழுத்தாளர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள். பத்திரிகையில் தோட்டக் குறிப்பு எழுதுபவர்கள் தொடக்கிய அச்சங்கத்தில் பின்னர் புகைப்படக்காரர்கள், வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள், விரிவுரையாளர்கள், பதிப்பாளர்கள், விதை மற்றும் நாற்றுக் கம்பனிகளின் பிரதிநிதிகள் எல்லோரும் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் 'எழுத்தாளர்' என்ற சொல் போதாது என்று, 'தோட்டத் தொடர்பாளர்கள்' எனப் பொருள்படும் 'கார்டன்கொம்' என்ற பெயருக்கு மாறினார்கள்.

அவர்களின் வருடாந்த மாநாடு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நகரத்தில் நடப்பது வழக்கம். காலையில் கருத்தரங்கு. இன்னொரு பக்கம் வியாபாரக் கண்காட்சி. பிறகு பஸ்களில் ஏறி அந்நகரத்துத் தோட்டங்களைப் பார்க்கப் போவார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்த பஸ் பயணம்தான். எழுதுபவரும் விற்பவரும் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் ஒரு மணி நேரம் இருந்தால், மேடைப் பேச்சில் வராத விடயமெல்லாம் வெளிவரும். எந்த இரகம் கைகொடுத்தது, எது ஏமாற்றியது, எந்தப் பத்திரிகை ஆசிரியர் கட்டுரை தேடுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும்.

2017இல் அந்த மாநாடு பஃபலோ என்ற நகரத்தில் நடந்தது. பனிக்கும், மூடப்பட்ட உருக்காலைக்கும் பெயர்போன ஊர். அங்கே 1995இல் ஒரு பகுதி மக்கள் தமது 29 வீட்டுத்தோட்டங்களை ஒரு நாள் இலவசமாகத் திறந்து விட்டார்கள். அது வளர்ந்து 300க்கும் மேற்பட்ட தோட்டங்கள் திறக்கப்படும் வருடாந்த நிகழ்வாகியது. வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், நாற்று வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்குத் தோட்ட எழுத்தாளர்களே கூட்டமாக வந்தால், விளம்பரத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஊரின் பெயரை அவர்களே சுமந்து செல்வார்கள்.

மாதிரிப் பொருளும் அமானிதமும்

இப்படியான மாநாடுகளில் கம்பனிகள் புதிய விதை, புதிய கருவி என்று மாதிரிகளைக் கொடுக்கும். எழுதுபவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரீட்சித்துப் பார்க்கலாம். இது கைலஞ்சமா, பரிசோதனையா? இந்தக் கேள்வி எனக்கும் எழுந்தது.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009இல் தனது வழிகாட்டல்களைத் திருத்தி, இலவசமாகப் பொருள் பெற்றுக்கொண்டு அதைப் புகழ்பவர் அத்தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. நமக்கு இது புதிய சட்டம் அல்ல. விற்கும் பொருளின் குறையை மறைக்காதே என்பது நாம் மதரஸாவிலேயே படித்த பாடம். மாதிரி வாங்குவதில் பிழையில்லை. வாங்கியதை மறைப்பதில்தான் பிழை.

இன்னொரு வழியையும் அங்கே கண்டேன். 1932இல் அமெரிக்க விதைத் துறையினர் ஒரு பரீட்சார்த்த அமைப்பை உருவாக்கினார்கள். புதிய இரகங்களை, கம்பனியின் பெயர் தெரியாதவாறு, பல பிரதேசங்களில் நட்டு, ஏற்கனவே சந்தையிலுள்ள இரகங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவர்கள் புள்ளியிடுவார்கள். தேறியவற்றின் பெயர்கள் அடுத்த ஆண்டிலிருந்து வெளிவரத் தொடங்கின. பத்திரிகையில் எழுதுபவர் கம்பனியின் வாயை நம்ப வேண்டியதில்லை. மண் சொன்னதை எழுதலாம்.

ஒரு பத்தியால் விளைந்த தர்மம்

இந்தச் சங்கத்தாரின் வேலைகளில் என் மனதைத் தொட்டது வேறொன்று. அலாஸ்காவின் அங்கரேஜ் நகரப் பத்திரிகையில் நெடுங்காலமாகத் தோட்டப் பத்தி எழுதுபவர் ஜெஃப் லோவன்ஃபெல்ஸ். தொழிலால் சட்டத்தரணி. தமது பத்தியில் வாசகர்களிடம் அவர் ஒரு சிறிய வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் தோட்டத்தில் வழமையாக நடுவதோடு இன்னும் ஒரு வரிசை நடுங்கள், அதில் விளைவதை நகரத்தில் பசித்தவர்களுக்கு உணவளிக்கும் இடத்துக்குக் கொடுங்கள். அவ்வளவுதான்.

1995இல் தோட்ட எழுத்தாளர் சங்கம் அதை நாடளாவிய முயற்சியாக எடுத்துக்கொண்டது. உறுப்பினர்கள் தத்தமது பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் அதையே சொன்னார்கள். இரண்டு கோடி இறாத்தலுக்கும் அதிகமான மரக்கறியும் பழமும் இவ்வாறு வழங்கப்பட்டதாக அச்சங்கம் கூறுகிறது. ஒருவர் தன் ஊரில் மட்டும் எழுதியிருந்தால் அது ஓர் ஊரின் நற்செயல். சக எழுத்தாளர்கள் கூடும் சபை ஒன்று இருந்தபடியால் அது நாட்டின் நற்செயலாகியது.

நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்று கேட்டு வளர்ந்த சமூகம் நாம். 2022இல் எமது ஊர்களில் எத்தனையோ வீடுகளில் பையில் மிளகாயும் கத்தரியும் இருந்தன. கூடுதலாக ஒரு பை வைக்கும்படி சொல்ல எமக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

நமக்குப் புதியதா?

இலங்கைக்கு இது அந்நியமான விடயமும் அல்ல. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் ஆரம்பிக்கப்பட்டது. தோட்டத்துரைமார் 1854இலேயே தமக்குச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். கொழும்பில் பத்திரிகை நடத்திய ஃபெர்குசன் குடும்பத்தினர் 1881இல் 'ட்ரொபிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' என்ற சஞ்சிகையை வெளியிடத் தொடங்கினர். பேராதனைப் பூங்காவில் பணியாற்றிய மக்மிலன் 1910இல் வெப்பவலயத் தோட்டக்கலை பற்றி வெளியிட்ட கைநூல், வெளிநாடுகளிலும் பெயர் பெற்றது.

அதாவது எழுதவும் கூடவும் தெரிந்த நாடுதான் இது. ஆனால் அந்தச் சபைகள் பெருந்தோட்டக்காரர்களுக்கானவை. மூலைக் கடையில் விதைப் பக்கற் விற்பவனுக்கு அங்கே கதிரை இருக்கவில்லை. இன்றும் வீட்டுத்தோட்டக்காரர் முதலில் கேட்பது அந்த மூலைக் கடைக்காரனிடம்தான். விவசாயப் போதனாசிரியருக்குப் பொறுப்பான கிராமங்கள் பல. கடைக்காரன் தெருமுனையில் இருக்கிறான். பேனா பிடிக்காவிட்டாலும் அவனும் தோட்டத் தொடர்பாளன்தான். அவன் சொல்லும் பிழை, பத்திரிகைப் பிழையைவிட வேகமாகப் பரவும்.

நாங்கள் செய்து பார்த்தது

அந்தச் சகோதரிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். அயல்வீடுகளுக்கும் சேர்த்துப் புது விதை கொடுத்து, பிழை என்னுடையது என்று அவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். வியாபாரிக்கு அது கஷ்டமான நடைதான். ஆனால் அந்த நான்கைந்து வீட்டாரும் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் விதை, பசளை, நாற்று விற்பவர்கள் ஏழு பேரைச் சேர்த்தேன். முஸ்லிம்கள் நால்வர், சிங்களவர் இருவர், தமிழர் ஒருவர். கடை மூடும் போயா தினத்தில், ஒருவர் வீட்டு முற்றத்தில் கூடினோம். முதற் கூட்டம் படுதோல்வி. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் கேட்டே விட்டார்: "ஹாஜியார், போட்டிக் கடைக்காரனுக்கு என் தொழிலை நான் ஏன் சொல்லிக் கொடுக்கணும்?"

நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: "கொள்விலையைச் சொல்ல வேண்டாம். யாரிடம் வாங்குகிறீர்கள் என்றும் சொல்ல வேண்டாம். நீங்கள் பிழைவிட்ட இடத்தை மட்டும் சொல்லுங்கள். நான் முதலில் சொல்கிறேன்." தக்காளிக் கதையைச் சொன்னேன். அவர்களில் இன்னும் இருவர் 'எஃப் 1' என்பதை என்னைப் போலவே விளங்கியிருந்தார்கள்! அதன் பிறகு பேச்சு மஃரிப் வரை போனது.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். எமது விதி எளியது. ஒவ்வொருவரும் ஒரு பிழையோடு வர வேண்டும். விவசாயப் போதனாசிரியர் ஒருவரையும் அழைப்போம். அவர் பேசும் நேரத்துக்குச் சமமாகத் தேநீர் நேரமும் இருக்க வேண்டும். முடிந்தால் ஒரு தோட்டத்துக்குச் சேர்ந்து போய் வருவோம். செலவு, பிளேன்டீயும் ஒரு தட்டு வடையும். என் கடையில் இப்போது மும்மொழியிலும் ஒரு பலகை தொங்குகிறது: எஃப் 1 விதையிலிருந்து மீண்டும் விதை எடுக்க வேண்டாம். அதற்குக் கீழே, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனைத் தொலைபேசி இலக்கம்.

மதீனாவில் பேரீச்சை மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பது பற்றிய சம்பவம் வாசகர்கள் அறிந்ததே. விளைச்சல் குறைந்தபோது நபி (ஸல்) அவர்கள், உலக விவகாரங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் அத்தோட்டக்காரர்களிடமே அவ்விடயத்தை விட்டார்கள். அறிந்தவனிடம் கேட்பது சிறுமையல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எமது வியாபாரிகள் கலியாண வீட்டில் கூடுகிறோம், ஜனாஸாவில் கூடுகிறோம். தொழிலைப் பேசக் கூடுவது மட்டும் அபூர்வம். உங்கள் ஊரிலும் விதையோ நாற்றோ பசளையோ விற்பவர்கள் ஐந்து பேர் இருப்பார்கள். வருகிற போயாவுக்கு அவர்களைத் தேநீருக்கு அழையுங்கள். உங்கள் பிழையை முதலில் நீங்கள் சொல்லுங்கள். மற்றவை தானாக வரும், இன்ஷா அல்லாஹ்.