விடுதலையின் விலை 600 டாலர்! - 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலில் மாட்டிக்கொண்ட மனிதர்கள்

'இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு காசு சேர்த்துட்டா போதும், இந்த வேலையை விட்டுட்டு சொந்தமா ஏதாவது பண்ணிடலாம்!' - வேலைக்குப் போகும் எல்லோர் மனசிலும் ஓடுகிற வசனம்தான் இது. இந்த ஒரு வரியை வைத்தே ஒரு கிளாசிக் நாவல் இருக்கிறது. 1937-ல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் எழுதிய 'ஆஃப் மைஸ் அண்ட் மென்'.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தம். கலிஃபோர்னியாவில் வேலை தேடி ஊர் ஊராக அலையும் பண்ணைத் தொழிலாளர்களில் இருவர் ஜார்ஜ், லெனி. இவர்கள் வந்து சேரும் பண்ணை, சோலடாட் என்ற ஊருக்குப் பக்கத்தில். ஸ்பானிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு அர்த்தம், தனிமை!

மாசச் சம்பளம் 50 டாலர். கையில் வந்ததும் பலரும் டவுனுக்குப் போய் குடி, சூதாட்டம் என காலி பண்ணிவிட்டு, திரும்ப மூட்டை தூக்க வந்துவிடுவார்கள். சொந்த வீடு இல்லை, குடும்பம் இல்லை. அப்புறம் யாருக்காகச் சேர்ப்பது?

ஜார்ஜ் - லெனி: பாசமே பூட்டு

லெனிக்கு யானை பலம், ஆனால் குழந்தை மனசு. மென்மையாக எதைப் பார்த்தாலும் தடவிப் பார்க்க ஆசை. அதனாலேயே முந்தைய ஊரில் பிரச்னையாகி, இருவரும் தப்பி ஓடி வந்திருக்கிறார்கள். 'நீ மட்டும் இல்லைன்னா நான் நிம்மதியா இருப்பேன்' என்று ஜார்ஜ் திட்டுவான். ஆனால், விட்டுட்டுப் போக மாட்டான்.

கேண்டி: அடுத்தது நானா?

பண்ணை வேலையில் ஒரு கையை இழந்த முதியவர். நஷ்டஈடு 250 டாலர், கூடவே துடைப்பம் பிடிக்கும் வேலை. இவருடைய வயதான நாயை 'இனி பிரயோஜனம் இல்லை' என்று சுட்டுவிடுகிறார்கள். தனக்கும் ஒருநாள் அதே கதிதான் என்பது கேண்டிக்குப் புரிகிறது.

க்ரூக்ஸ்: புத்தகங்களே துணை

குதிரை உதைத்ததில் முதுகு வளைந்தவர். கறுப்பினத்தவர் என்பதால், மற்றவர்கள் தங்கும் இடத்தில் இவருக்கு அனுமதி இல்லை. லாயத்தை ஒட்டிய அறையில் தனிமை வாசம். அலமாரியில் கிழிந்துபோன கலிஃபோர்னியா சட்டப் புத்தகம் ஒன்று. உரிமைகள் தெரியும், கேட்கத்தான் முடியாது!

கர்லியின் மனைவி: பெயரே இல்லை

பண்ணையில் இருக்கும் ஒரே பெண். சினிமா நடிகையாகும் கனவு கலைந்து, முதலாளி மகன் கர்லியைக் கட்டிக்கொண்டவள். பேச்சுத்துணைக்கு ஆள் தேடினால், 'வம்பு பிடிச்சவ' என்று பட்டம். நாவல் முழுக்க அவளுக்குப் பெயரே கிடையாது.

கதவு திறந்த கணம்

ஜார்ஜும் லெனியும் ஆசைப்படும் சின்ன நிலத்தின் விலை 600 டாலர். கேண்டி தன் 350 டாலரைத் தருகிறேன் என்கிறார். இருவரின் ஒரு மாசச் சம்பளம் 100-ஐ சேர்த்தால் 450. முக்கால்வாசி ரெடி! 'இப்படிக் கனவு கண்டவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்' என்று கிண்டலடித்த க்ரூக்ஸே, 'சம்பளம் வேணாம், நானும் வரவா?' என்று கேட்கிறார்.

அடுத்த சில நிமிடங்களில் அங்கே வரும் கர்லியின் மனைவியை, அறையைவிட்டு வெளியே போகச் சொல்கிறார் க்ரூக்ஸ். 'நான் ஒரு வார்த்தை சொன்னா உன்னைத் தூக்குல தொங்கவிட்டுடுவாங்க' என்று மிரட்டுகிறாள் அவள். க்ரூக்ஸ் சுருங்கிப்போகிறார். 'சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன்' என்று ஆசையையும் வாபஸ் வாங்குகிறார்.

நாவலின் உயிர் இந்த இடம்தான். அவளும் கைதி, அவரும் கைதி. ஆனால், தன்னைவிட பலவீனமான ஒருவரை மிதிக்கும்போது மட்டும்தான் அவளுக்குக் கொஞ்சம் அதிகாரம் கிடைக்கிறது. வறுமையும் நிறவெறியும் கட்டிய கூண்டை, உள்ளே இருப்பவர்களே காவல் காக்கிறார்கள்!

ஆளாளுக்குத் தனியாக இருந்தவரை அந்த 600 டாலர் வெறும் கனவு. மூன்று பேர் சேர்ந்ததும் ஒரு மாச தூரத்துக்கு வந்துவிட்டது. அந்த ஒரு மாசம் அவர்களுக்குக் கிடைத்ததா? சின்ன நாவல்தான், ஒரு வீக் எண்டில் முடித்துவிடலாம். க்ளைமாக்ஸை நீங்களே படித்துவிடுங்கள்!