பார்க்க மட்டும்தானே, என்ன ஆபத்து?

2022 மார்ச் 12ஆம் தேதி நடந்த ஜோகூர் மாநிலத் தேர்தலில்தான் 18 வயதினர் முதன்முறையாக வாக்களித்தார்கள். உங்கள் அண்ணனோ அக்காவோ அப்போது தேர்தல் ஆணையத்தின் ‘மைஎஸ்பிஆர் செமாக்’ பக்கத்தில் அடையாள கார்டு எண்ணைத் தட்டித் தங்கள் தொகுதியைத் தெரிந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் தேடுபவர் எதையும் திருத்த முடியாது, அழிக்கவும் முடியாது. இத்தகையவற்றைப் ‘பார்க்க மட்டும்’ கருவிகள் என்று சொல்லலாம்.

இப்போது இப்படிப்பட்ட கருவிகளை ஏஐ முகவர்களும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. சாதாரண உரையாடல் செயலி கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். முகவர் வேலையையும் செய்யும். பள்ளி நூலகத்துக்கு ஒரு முகவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். “இந்த மாணவர் இன்னும் எத்தனை புத்தகம் திருப்பித் தர வேண்டும்?” என்று ஆசிரியர் கேட்டால், அது தானே பதிவேட்டில் தேடிச் சொல்லும்.

எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று முகவருக்கு எப்படித் தெரியும்? கருவியோடு ஒரு விளக்கக் குறிப்பு இணைக்கப்பட்டிருக்கும். அதில் கருவியின் பெயர், அதன் வேலை, அதற்குக் கொடுக்க வேண்டிய விவரம் ஆகியவை இருக்கும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறையும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. ஆக, இந்தக் குறிப்பை வேலை நேரத்தில் படிப்பது மனிதர் அல்ல, முகவர். நாம் எழுதாமல் விட்டதை அது தானாக ஊகித்து நிரப்பிக்கொள்ளக்கூடும்.

‘மாணவரைத் தேடும் கருவி’ என்று மட்டும் எழுதினால் போதுமா? போதாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“மாணவர் எண்ணைக் கொடுத்தால் பெயர், வகுப்பு, இரவல் வாங்கிய புத்தகங்கள் ஆகியவற்றைத் தரும். வீட்டு முகவரி, தொலைபேசி எண் தராது. பெயரைக் கொண்டு தேட முடியாது. அந்த எண்ணில் யாரும் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லும். பதிவேட்டோடு தொடர்பு கிடைக்காவிட்டால் ‘தேட முடியவில்லை’ என்று சொல்லும். எதையும் மாற்றாது.”

பெயரைக் கொண்டு தேடினால் ஒரே பள்ளியில் மூன்று குமார் அகப்படுவார்கள். முகவர் தவறான குமாரைப் பிடித்துக்கொள்ளலாம். ‘இல்லை’ என்பதும் ‘தேட முடியவில்லை’ என்பதும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டர் 0 காட்டினால், மின்னோட்டம் இல்லையா, கம்பி கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்ப்பீர்கள் அல்லவா? அதே கதைதான்.

எம்சிபியில் ‘இது பார்க்க மட்டும்’ என்று கருவிக்கு ஓர் அடையாளக் குறியும் இடலாம். ஆனால் அது வெறும் குறிப்புதான். நம்பகமான இடத்திலிருந்து வராத கருவியின் குறியை நம்பக் கூடாது என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. புட்டியில் ‘நீர்’ என்று ஒட்டியிருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது நீராகிவிடாது.

சரி, குறி உண்மையாகவே இருக்கட்டும். மாணவர் எண்ணுக்குப் பதிலாக அடையாள கார்டு எண்ணைக் கொண்டு தேடும்படி நம் கருவியை அமைத்தால் என்ன ஆகும்? உங்கள் மைகார்டை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம்; ஜோகூர் என்றால் பெரும்பாலும் 01. எஞ்சியவை 4 இலக்கங்கள், அதாவது 10,000 வாய்ப்புகள். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் அது 5,000 ஆகக் குறைகிறது. பிறந்தநாள் வாழ்த்துப் படத்தைப் பார்த்தவருக்கே முதல் பாதி தெரிந்துவிடும்! மனிதர் 5,000 எண்களைத் தட்டிப் பார்க்கச் சலித்துப்போவார். முகவருக்குச் சலிப்பு கிடையாது. வினாடிக்கு ஒன்று என்றாலும் ஏறக்குறைய 83 நிமிடங்களில் முடித்துவிடும். இத்தனைக்கும் பதிவேட்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

பார்ப்பதாலேயே எவ்வளவு வெளியே போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, மைசெஜாத்ரா தொடர்பான ஒரு ‘சூப்பர் அட்மின்’ கணக்கின் வழியாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் விவரங்கள் பதிவிறக்கம் செய்யப்பட்டதாகச் சொன்னது. பதிவிறக்கம் என்பதும் பார்ப்பதில் ஒரு வகைதான். சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. இது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி.

அதனால் ‘ஊகித்துத் தேடாதே’ என்று விளக்கக் குறிப்பில் எழுதினால் மட்டும் போதாது. முகவர் அதை மீறக்கூடும். பூட்டு கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். பிறந்த தேதியோடு தொடர்பில்லாத மாணவர் எண்ணைப் பள்ளியே கொடுக்கலாம். ஒரு நிமிடத்தில் ஐந்து தேடலுக்கு மேல் மறுக்கும்படி கருவியை அமைக்கலாம். எந்த முகவர், யாருக்காக, எத்தனை மணிக்கு, எந்த எண்ணைத் தேடியது என்பதையும் கருவி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஏட்டை வாரம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது மட்டும் நூலகப் பொறுப்பாசிரியரின் வேலை. அதை முகவரிடம் விட வேண்டாம்.