காற்று வீசாத விசிறிகள்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் போன்ற அருங்காட்சியகங்களில் இன்று நாம் காணும் ஜப்பானிய விசிறிப் படங்களில் பெரும்பாலானவை விசிறியாகவே ஆகாதவை. கத்தரிக்காமல், மூங்கிலில் ஒட்டாமல், மாதிரிப் புத்தகங்களில் தங்கிப்போன தாள்கள். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக்காரர் காசு கொடுத்து வாங்கி, ஒரு கோடை முழுக்க வீசி, கிழிந்ததும் தூக்கிப் போட்டாரே, அந்த விசிறி போயே போச்சு. புழக்கத்தில் அழிந்தது மக்களுடையது. புழங்காமல் தப்பியதைத்தான் கலை வரலாறு என்கிறோம்.

இது மடக்கு விசிறி அல்ல. 'உச்சிவா' என்று பெயர், நம்மூர்ப் பனையோலை விசிறி மாதிரி விறைப்பானது. ஒரே மூங்கில்துண்டின் ஒரு பகுதி கைப்பிடி. மிச்சத்தை மெல்லிய குச்சிகளாகப் பிளந்து விரித்து, இருபுறமும் தாள் ஒட்டுவார்கள். ஓவியர் வரைந்த தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, அந்தத் தாளோடு சேர்த்தே செதுக்குவது வழக்கம். நிறத்துக்கொரு பலகை. ஆக, மூலம் செதுக்கும்போதே அழிந்துவிடுகிறது. எடுத்ததற்கெல்லாம் வால்டர் பெஞ்சமினின் 'ஒளிவட்ட'த்தை இழுக்கும் நம் நண்பர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம்: மூலத்தைத் தின்றுதான் இந்தப் பிரதிகள் பிறக்கின்றன.

தாளில் இருப்பது பெரும்பாலும் கபுகி மேடை. உச்சக்கட்டத்தில் நடிகர் விழியை உருட்டி அப்படியே உறைந்து நிற்பார். அதற்கு 'மியே' என்று பெயர். குனிசதா (1786–1865) இந்தக் கணத்தைப் பிடிப்பதில் மன்னன். தமிழில் ரசிகரை 'விசிறி' என்று வேடிக்கையாக மொழிபெயர்த்தோம், எடோவில் அது நேர்ப்பொருள்.

ஆனால் அந்த நடிகர்களை 'ஆற்றுப்படுகைப் பிச்சைக்காரர்கள்' என்று இழித்துச் சொன்னதும் அதே சமூகம்தான். 1629இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தபிறகு பெண்வேஷமும் ஆண்களே கட்டினார்கள். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. விடியவிடிய ராஜாவாக ஆடியவர் விடிந்ததும் ஊருக்குள் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பது நமக்குத் தெரியாததா? முகம் வேண்டும், ஆள் வேண்டாம். 1842இல் ஷோகுன் அரசு சிக்கனம், ஒழுக்கம் என்ற பெயரில் நடிகர் படங்களைத் தடைசெய்தது. நாடகக் கொட்டகைகள் நகரத்தின் ஓரத்துக்கு, அசகுசாவுக்குத் தள்ளப்பட்டன. ஏழாம் டான்ஜூரோ ஆடம்பரக் குற்றத்துக்காக எடோவை விட்டே விரட்டப்பட்டார். (வெள்ளைக்காரன் இங்கே நாடகச் சட்டம் கொண்டுவந்தது 1876இல்.) தடை தளர்ந்த பிறகும் சில காலம் நடிகர் பெயர் இல்லாமலே படங்கள் வந்தன. முகச்சாடையே போதும், வாங்குபவர்கள் கண்டுகொண்டார்கள். அதிகாரம் பெயரைத்தான் அழிக்க முடிந்தது.

விம்கோ நகரில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். 2021இல் வந்த மெட்ரோ நிலையப் பலகை வரை ஏறிவிட்ட இந்த ஊர்ப்பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம்: வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, 1923. அதற்கு முன், முதல் உலகப்போர்க் காலத்தில், நம் சந்தையை நிறைத்திருந்தது ஜப்பான் தீப்பெட்டி. அந்த லேபிள்களில் பல அதே மரக்கட்டைக் கைத்தொழிலில் உருவானவை. இந்தியாவுக்கென்றே நம் சாமிகளையும் அச்சடித்து அனுப்பினார்கள். 1922இல் இறக்குமதி வரி ஏற, ஸ்வீடன் முதலாளிகள் இங்கேயே ஆலை போட்டார்கள். வீசி எறியும் விசிறியிலிருந்து உரசி எறியும் பெட்டிக்குப் படம் இடம் மாறியது.

நம் பக்கத்திலும் மேடைக்கும் மலிவு அச்சுக்கும் உறவு உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்தவர். பிறகு சிவகாசி அச்சில் வந்த அவருடைய காலண்டர் சாமிகளுக்குப் பின்னால் இருக்கும் தூணையும் தோட்டத்தையும் பாருங்கள், நாடகத் திரையேதான்.

இங்கே ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் பழைய கப்பல் மார்க் லேபிள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "பெட்டி காலியானா தூக்கிப் போடறதுதான தம்பி, அத யாரு வெச்சிக்குவா?" என்றார். குனிசதாவின் கடைசிக்கால அச்சுகள் சிலவற்றில் ஓவியர் கையெழுத்தோடு செதுக்கியவரின் முத்திரையும் உண்டு. நம் லேபிள்களில் கம்பெனி பெயர்தான். வாசகர்கள் யாரிடமாவது பழைய லேபிளோ கூத்து, நாடக நோட்டீஸோ இருந்தால், அதை யார் வரைந்தார், யார் ஒட்டினார், என்ன கூலி என்பதையும் விசாரித்து எழுதுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.