49 ஓட்டும் 203 கவரும்

"ஒரு ஓட்டுல என்ன அண்ணாச்சி வந்துரப் போவுது?"

தேர்தல் வந்துவிட்டால் விக்கிரமசிங்கபுரம் டீக்கடைகளில் இந்தப் பேச்சு அடிபடும். இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே, ராதாபுரத்தில் நடந்த கதையைக் கேளுங்கள்.

மயிரிழை வெற்றி

2016-ம் ஆண்டு மே 16-ந் தேதி சட்டசபைத் தேர்தல் நடந்தது. 19-ந் தேதி ஓட்டுகளை எண்ணினார்கள். ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரைக்கு 69,590 ஓட்டு. தி.மு.க. வேட்பாளர் அப்பாவுக்கு 69,541 ஓட்டு.

வித்தியாசம் 49 ஓட்டுதான்! ஒரு பஸ்ஸில் ஏறும் கூட்டம். இன்பதுரை வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள்.

அப்பாவு விடவில்லை. சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார்.

பிரச்சினை என்ன?

அப்போது தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தபால் மூலம் ஓட்டுப் போட முடிந்தது. ஓட்டுச் சீட்டோடு ஓர் உறுதிமொழித் தாளும் வைக்க வேண்டும். "இது இவர் போட்ட கையெழுத்துதான்" என்று அதில் ஓர் அதிகாரி சான்று தர வேண்டும்.

203 தபால் ஓட்டுகளில் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் சான்று இருந்தது. அது செல்லாது என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

49 எங்கே, 203 எங்கே? அந்தக் கவர்களை எண்ணினால் முடிவு மாறலாம், மாறாமலும் இருக்கலாம். எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்!

கோர்ட்டில் எண்ணிக்கை

2019 அக்டோபர் 1-ந் தேதி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்று ஓட்டுகளையும் மீண்டும் எண்ண வேண்டும் என்றது. 4-ந் தேதி ஐகோர்ட்டு வளாகத்திலேயே எண்ணினார்கள்.

ஆனால், முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. 2021-ல் அந்தச் சட்டசபையின் ஆயுளே முடிந்துவிட்டது. அதுவரை முடிவு வெளிவரவில்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இங்கே வெள்ளம் வடிந்தே போயிற்று! ஐந்து வருஷமும் ஒரு தொகுதி மக்களின் சந்தேகம் தீரவில்லை. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதைவிட இதுவே பெரிய நஷ்டம்.

2021 தேர்தலில் அதே இருவரும் மோதினார்கள். அப்பாவு வென்றார், சபாநாயகரும் ஆனார்.

ரஷியாவில் என்ன ஆயிற்று?

சந்தேகத்தைத் தீர்க்காவிட்டால் அது தெருவுக்கு வரும். 2011 டிசம்பர் 4-ந் தேதி ரஷியாவில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. மொத்தம் 450 இடங்கள். ஆளும் 'ஐக்கிய ரஷியா' கட்சிக்கு 238 கிடைத்தன. பெட்டிகளில் கள்ள ஓட்டுகளைத் திணித்தார்கள் என்று தேர்தலைக் கவனித்தவர்கள் புகார் கூறினார்கள். 10-ந் தேதி மாஸ்கோவில் கடுங்குளிரில் ஆயிரமாயிரம் பேர் திரண்டு, மறுதேர்தல் கேட்டார்கள். மறுதேர்தல் நடக்கவில்லை. அடுத்த மார்ச்சில் நடந்த ஜனாதிபதி தேர்தலுக்கு ஓட்டுச்சாவடிகளில் காமிராக்களை மாட்டினார்கள்.

நம் கையில் என்ன இருக்கிறது?

இப்போது ஓட்டு எந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும் ஒரு சீட்டு 7 வினாடி தெரியும். நாம் போட்ட சின்னம்தானா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி, எந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியது.

ஓட்டுப்பதிவு முடிந்ததும், எத்தனை ஓட்டு விழுந்தது என்ற கணக்கை ஏஜெண்டுகளுக்கு எழுதித் தர வேண்டும். அதன் பெயர் 17-சி படிவம். முடிவில் சந்தேகம் இருந்தால், 45 நாட்களுக்குள் ஐகோர்ட்டில் வழக்குப் போடலாம். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதி வாக்காளரும் போடலாம்.

சரி, டீக்கடைக் கேள்விக்கு வருவோம். வீட்டுக்கு ஐந்து ஓட்டு என்று வையுங்கள். பத்து வீடு சேர்ந்தால் ஐம்பது. ராதாபுரம் வித்தியாசத்தைவிட ஒன்று அதிகம்!

அந்த ஒன்று உங்கள் ஓட்டாகவும் இருக்கலாம், அண்ணாச்சி.